தண்ணீர் வந்த ஊர்களின் போர்வை

கண்ணு,

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருந்தால், "சரிம்மா, படிச்சிட்டேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பாய். அதனால்தான் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்கு ஆண்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற வீடுகள் திருச்செங்கோட்டைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் யாராவது ஒருத்தி இதைப் படித்துவிட்டுத் தன் மகனுக்குப் படம் பிடித்து அனுப்புவாள். அவன் உன் வண்டியிலேயே இருக்கிறவனாக இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் "டேய், இது உங்கம்மா எழுதுனதாட்ட இருக்குது பார்றா" என்று நீட்டுவான். அப்போது முழுவதும் படிப்பாய். நீ திரும்பி வருவாய் என்று நினைத்து இதை எழுதவில்லை. வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். போன வாரம் நீ வாட்ஸப்பில் போட்டிருந்த படத்துக்காகத்தான் எழுதுகிறேன். லாரியின் கேபினில் அந்த ஒட்டுப் போர்வையை விரித்து வைத்து, கீழே "அம்மாவின் ஆசீர்வாதம்" என்று எழுதியிருந்தாய். அது ஆசீர்வாதம் இல்லை. அதை நான் உனக்காகத் தைக்கவும் இல்லை. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எனக்கும் உன் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். உனக்கும் தெரிய வேண்டும்.

உன் அப்பா வண்டியை விட்டு வீட்டோடு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இருபத்தாறு வருடம் போர் போட்டவர். வண்டி இங்கே கிளம்பினால் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய் மழைக்காலத்தில்தான் திரும்பும். உனக்கு நினைவு தெரிந்து வருடத்துக்கு ஐம்பது நாள் நீ அவரைப் பார்த்திருந்தால் அதிகம். ஒவ்வொரு முறையும் இருமிக்கொண்டுதான் வருவார். பத்து நாளில் நின்றுவிடும். கடைசி முறை நிற்கவில்லை. முதலில் பார்த்த டாக்டர் காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். அந்த ஆறு மாதமும் அப்பாவுக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்திருந்தேன். மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்று டம்ளரின் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டேன். நீ கேட்டபோது "டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அப்பா காலி டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கீறலைக் கட்டைவிரலால் தடவினார். என்னிடம் நீட்டினார். பிறகு சேலத்துக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அது காசநோயே இல்லை. நுரையீரல் முழுக்கக் கல்தூசி. "இது சரியாகாதும்மா. மேல மேல போகாமப் பாத்துக்கலாம். அதுவும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் அந்த டாக்டர். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்த டம்ளரை எடைக்குப் போட்டேன்.

நான் வேதியியல் படித்தவள். சூரமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் மூன்று வருடம் படித்தேன். பாறையில் இருக்கிற சிலிக்காவைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு இருபத்து நான்கு வருடம் அதே சிலிக்காவைத் துவைக்கிற கல்லில் போட்டு அடித்திருக்கிறேன். அப்பாவின் சட்டையை முதல் அலசு அலசினால் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்தது போல ஓடும். அதையும் இதையும் சேர்த்து யோசிக்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. படிப்பு ஒரு பக்கமும் துவைக்கிற கல் ஒரு பக்கமும் இருந்தன.

இதைவிட மோசமான ஒன்றும் செய்திருக்கிறேன். வண்டிக்காரர்கள் முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது உனக்கு இப்போது நன்றாகத் தெரியும். துளை இறங்க இறங்கக் கம்ப்ரசர் காற்று கல்மாவை மேலே தள்ளும். தண்ணீர் காணும்வரை அந்த வெள்ளைப் புகைக்குள்தான் நிற்க வேண்டும். புறப்படுகிற அன்று பெண்டாட்டி இரண்டு புதுத் துண்டு கொடுத்து அனுப்புவது இங்கே வழக்கம். கல்யாணமான வருடம் நான் நல்ல கெட்டித் துண்டாக வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் அப்பா சொன்னார். "அம்மிணி, அத மூக்குல கட்டுனா மூச்சு முட்டிப்போகுது. மெல்லிசாப் பாத்து வாங்கு." அதிலிருந்து கடையில் ஒவ்வொரு துண்டாக எடுத்து வாயில் வைத்து ஊதிப் பார்ப்பேன். காற்று தாராளமாகப் போகிற துண்டைத்தான் எடுப்பேன். நான் எதற்கு ஊதுகிறேன் என்று கடைக்காரருக்குத் தெரியும். "ரிக்குக்குங்களா? அப்ப இதப் பாருங்க, இன்னும் மெல்லிசு" என்று வேறொன்றை உருவிப் போடுவார். காற்று போகிற வழியில் வேறு என்ன போகும் என்று நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. நம் ஊரில் புருஷன்மேல் அக்கறையுள்ள பெண்கள் எல்லாரும் அப்படித்தான் ஊதிப் பார்த்து வாங்கினோம்.

வீட்டோடு வந்த பிறகு அப்பா எப்படி இருந்தார் என்று உனக்கு நினைவிருக்கும். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எதைக் கேட்டாலும் "செரி", "வேணாம்", "இருக்கட்டும்". எங்கள் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ளத் தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் நான்கு வருடம்கூடத் தேறாது. அந்த மார்கழியில் அவருக்குக் குளிர் தாங்கவில்லை. கம்பளியின் பிசிறு பட்டால் இருமல் அதிகமாகிறது. துவைத்துத் துவைத்துப் பிசிறே இல்லாமல் போன பருத்தித் துணிதான் வேண்டும். அப்போதுதான் அந்தத் தகரப் பெட்டியை இறக்கினேன். நான் கொடுத்து அனுப்பும் துண்டு கிழிந்ததும், அந்தந்த ஊர்ச் சந்தையில் ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்வார்கள் இல்லையா? பழசானதும் அப்பா அதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அடுப்படித் துணியாக ஆகும் என்று நான் எடுத்து வைத்திருந்தேன். சிவப்புக் கட்டம், காவி, மஞ்சள் கரை, பச்சைக் கோடு என்று நாற்பத்தேழு துண்டு. மூன்று முறை அலசினேன். கடைசி அலசில் தண்ணீர் தெளிவாக ஓடியது. காயவைத்து மடிக்கும்போது சும்மாதான் கேட்டேன்.

"ஏனுங்க, இந்த மஞ்சக் கரை எங்க வாங்குனது?"

அவர் திரும்பினார். கை நீட்டி வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது எம்.பி. ஸ்டேட்டு, ஒரு சின்ன ஊரு. மொத ரண்டு போரும் வீணாப் போயிருச்சு. மூணாவது எழுநூத்தி எண்பது அடில தண்ணி அடிச்சுது பாரு, தென்னமர ஒசரம். எருமையெல்லாம் கவுத்த அறுத்துக்கிட்டு ஓடிப்போச்சு." இவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. பேசி முடித்து மூச்சு வாங்கினார். ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது. நான் அந்தத் துண்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அடுத்ததை நீட்டினேன்.

போர்வை இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு சதுரத்துக்கு ஓர் ஊர். ஐந்துக்கு ஆறு, மொத்தம் முப்பது சதுரம். ஒவ்வொன்றின் நடுவிலும் நீல நூலில் ஒரு வட்டம். "வட்டம் ஆறரை இஞ்ச் இருக்கோணும் அம்மிணி, போரோட அளவு அதான்" என்று அவரே சொல்லி, அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுத்தார். வட்டத்துக்கு மேலே ஊர் பெயர், கீழே எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று எழுதி, அதன்மேல் ஓட்டுத் தையல் போட்டேன். ஊர் பெயர் மறந்துபோன இடத்தில் "புளியமரத்துக் காடு", "வாத்தியார் தோட்டம்" என்று அவர் சொன்னபடி தைத்தேன். நடுவில் வைக்க என் பழைய நூல் சேலைகள் இரண்டு. அடியில் விசைத்தறிப் பெட்ஷீட். நான்கு மாதம் ஆயிற்று. பொய் சொல்லக் கூடாது கண்ணு, என் கல்யாண வாழ்க்கையில் அந்த நான்கு மாதம்தான் நான் சந்தோஷமாக இருந்தது. மத்தியானச் சமையல் முடிந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். "தையல் கோணுது பாரு, டிரில்லர் குடிச்சுப்போட்டுப் போட்ட போர் மாதிரி" என்று கேலி செய்வார். "நீங்க போட்டதெல்லாம் நேரா எறங்குச்சாக்கும்" என்பேன்.

முதல் வாரத்திலேயே ஒரு பச்சைக் கட்டத் துண்டை நீட்டினேன். பார்த்தார். "அது கர்னூலுப் பக்கம். ஆயிரத்தி நூறு அடி. பொட்டுத் தண்ணி இல்ல" என்றார்.

"அந்தக் காட்டுக்காரரு என்ன பண்ணுனாரு?"

"அதெல்லாம் எதுக்கு அம்மிணி? அத விடு. அந்தச் சேப்பு எடு, அது சொல்றேன்."

நான் பச்சைக் கட்டத்தைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தேன். அடுத்து இன்னொன்று அதே மாதிரி வந்தது. அதையும் வைத்தேன். மூன்றாவதுக்கு அவர் சொல்லக்கூட இல்லை. முகம் சுவர்ப் பக்கம் போவதைப் பார்த்து நானே மடித்துவிட்டேன். அப்படிப் பதினேழு துண்டு பெட்டிக்குள் போயின. முப்பது துண்டு போர்வைக்கு வந்தன. நான் தைத்தது அவருடைய இருபத்தாறு வருடம் இல்லை கண்ணு. அதில் தண்ணீர் வந்த நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் தைத்தேன். சாகக் கிடக்கிற மனுஷன் சிரிக்கிறாரே, அது போதும் என்றுதான் இருந்தது. அந்த அறையில் இன்னொரு ஆளும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கவில்லை.

நீ மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஓசூரில் ஆறு மாதம் ஒப்பந்தத்தில் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் போனும் கையுமாகக் கிடந்தாய். சார்ஜர் போடுகிற பிளக் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததால்தான் நீ முதலில் அங்கே வந்து உட்கார்ந்தாய். இரண்டாவது வாரம் போன் முழுவதும் ஏறிய பிறகும் உட்கார்ந்திருந்தாய். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாய். ஒரு விவசாயி தன் தலையில் கட்டியிருந்த உருமாலை அவிழ்த்து அப்பாவின் தலையில் கட்டிய கதையைச் சொன்ன அன்று, "அவருக்கு உங்க பேராச்சும் தெரியுமாங்கப்பா?" என்று கேட்டாய்.

"பேரு எதுக்கு சாமி? தமிழ்நாட்டு வண்டிக்காரன்னாப் போதும். சோறு தானா வரும்."

நீ அவரைப் பார்த்த பார்வையை நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். சின்ன வயதில் அவர் வரும் நாளில் ரோட்டுக்கே போய் நின்றிருப்பாயே, அந்தப் பார்வை. அப்பாவும் பிள்ளையும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று எனக்குக் கண் கலங்கியது. என் கண்ணுக்கு எதிரிலேயே நீ போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

சண்முகம் மாமா வந்த அன்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், நான் அன்று என்ன செய்தேன் என்பதற்காக. அப்பாவோடு பதினெட்டு வருடம் வண்டியில் இருந்தவர், இப்போது அந்த வண்டிக்கு மேனேஜர். கட்டிலில் விரித்திருந்த போர்வையைச் சுற்றி வந்து ஒவ்வொரு சதுரமாகப் படித்தார். "என்ன மாப்ள, கட்டில்ல படுத்துக்கிட்டே முப்பது போர் போட்டுப்போட்டயாட்ட இருக்குது" என்றார். கடைசியில் இடுப்பில் கை வைத்து நின்று, "தண்ணி வராத ஊருக்கெல்லாம் எடமில்லீங்களா அம்மிணி?" என்று என்னைக் கேட்டார்.

"அதுக்குப் போர்வை பத்தாது" என்றார் அப்பா. மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அப்பாவுக்குச் சிரிப்பு இருமலாகி, மாமா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருக்கும்போது நீ கேட்டாய்.

"மாமா, வண்டியில எனக்கு எடமிருக்குங்களா?"

மாமா உன்னை மேலும் கீழும் பார்த்தார். "எடத்துக்கு என்ன? வடக்கத்திப் பசங்கள வெச்சுத்தான் ஓட்டிட்டிருக்கறோம். ஆனா இஞ்சினீயர் சாருங்க ராடு தூக்குவீங்களா?"

"தூக்குவேனுங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்பார் என்று நிச்சயமாக நினைத்தேன். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு வேறு எதைச் சொல்வார்? அவர் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அன்று நான் செய்தது அவ்வளவுதான்.

மறுநாள் நீ திருச்செங்கோட்டுக்குப் போயிருந்தபோது அவரிடம் கேட்டேன். "ஏனுங்க, நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னா அவன் நின்னுக்குவான். சொல்லுங்க." அவர் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார். "நான் வேண்டாம்னு சொன்னா, நான் பண்ணுனது பூராவும் வீணுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமல்ல அம்மிணி." அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதை நான் எப்படிப் பிடுங்குவேன்? ஆனால் உன்னிடம் பேசியிருக்கலாம். உன்னைத் தனியாக அழைத்துப் போய் அந்தப் பதினேழு துண்டையும் கொட்டிக் காட்டியிருக்கலாம். ஒருநாள் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் மடியில் எடுத்துவிட்டேன். நிமிர்ந்தால் அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி உள்ளே வைத்து மூடினேன். புருஷனுக்காக மகனை விட்டேன் என்று சொன்னால் அது பெருமை பேசுவது போல ஆகிவிடும். அவர் முகம் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

இப்போது சொல்கிறேன், அப்பா தூக்கம் வராத ராத்திரிகளில் விட்டு விட்டு என்னிடம் சொன்னதை. அந்தப் பச்சைக் கட்டத்துக்காரர், கர்னூல் பக்கத்தில் காடு வைத்திருந்த விவசாயி, துளையைச் சுற்றிக் குவிந்திருந்த காய்ந்த கல்மாவில் போய் உட்கார்ந்தாராம். வண்டியைக் கிளப்ப வேண்டும், எழுந்திருங்கள் என்று சொல்லியும் எழவில்லையாம். நான்கு பேர் தூக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். பிறகு அவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. காவித் துண்டு ஒன்று அப்பாவுடையதே இல்லை. குப்புசாமி என்று அவருடைய கூட்டாளி. இதே இருமல், இதே காசநோய் மாத்திரை. ராஜஸ்தானில் லாரிக்கு அடியில் நிழலுக்குப் படுத்தவர் எழவில்லை. அப்பாதான் அவரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தத் துண்டை மட்டும் அவர் வீட்டில் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஓரத்தில் கிழிந்த வெள்ளைத் துண்டு நம் காட்டில் போர் போட்ட அன்று அப்பா கட்டியிருந்தது. நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். வண்டி முதலாளியிடம் கேட்டு, நம் காட்டில் அவரே நின்று தொள்ளாயிரம் அடி போட்டார். தண்ணீர் வந்தால் இனி வண்டிக்குப் போவதில்லை, இங்கேயே இருந்துகொள்வது என்று பேசி வைத்திருந்தோம். நான் நிறைமாத வயிற்றோடு வரப்பில் நின்று பார்த்தேன். கடைசிவரை வெள்ளைப் புகைதான் வந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் கண்டவர் தன் காட்டில் மட்டும் காணவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பப் போனார். உனக்கு அவர் சொன்ன கதைகள் எதிலும் இது இல்லை. ஆசைப்பட்டுப் போனவர் இல்லை அவர்.

நீ புறப்பட்ட அன்று பைபாஸில் வண்டி வந்து நின்றது. ஆட்டோவில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தோம். அவர் மடியில் அந்தப் போர்வை இருந்தது, குளிருக்கு என்று நினைத்தேன். நீ காலைத் தொட்டு எழுந்ததும் அதை எடுத்து உன் கையில் கொடுத்தார். "வடக்க போகப் போகக் குளிரும் சாமி. எடுத்துட்டுப் போ. எனக்குத்தான் ஊடு இருக்குதே." நான் அவருக்கென்று நான்கு மாதம் உட்கார்ந்து தைத்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். அதைத்தான் நீ ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாய். பிறகு என் பையிலிருந்து முகக்கவசப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். சாதாரணமானது இல்லை, டாக்டரிடம் கேட்டுத் தேடி வாங்கியது. "இதப் போட்டுட்டு நின்னா எல்லாரும் சிரிப்பாங்கம்மா" என்றாய். சிரிக்கட்டும் என்றேன். வாங்கிக்கொண்டாய். இரண்டாவது மாதம் நீ அனுப்பிய படத்தில் உன் இமையெல்லாம் வெள்ளை. மூக்கில் மெல்லிய துண்டு. அப்பா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பாரு அம்மிணி, என்னையாட்டவே நிக்கறான்" என்றார். நானும் பார்த்தேன். அப்படியேதான் நிற்கிறாய்.

பிள்ளைகளுக்கு எழுதுகிற கடிதத்தில் புத்தி சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். துளையில் தண்ணீர் விட்டுக்கொண்டே போட்டால் புகை பாதிக்கு மேல் அடங்கும் என்கிறார்கள். மாமாவிடம் கேள். வேலை மெதுவாகும், தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீருக்கு எங்கே போவது என்பார். தெரியும், ஆனாலும் கேள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் நில். லீவர் இருக்கிற பக்கத்தில்தான் டிரில்லர் நிற்க முடியும் என்பதும் எனக்குத் தெரியும். வருடம் ஒருமுறை மார்புப் படம் எடு. கட்டின துண்டை உதறாதே, நனைத்து அலசு. நான் இவ்வளவு எழுதியும் இதில் ஒன்றுகூட நீ செய்யப் போவதில்லை. அப்பாவிடம் நான் இதில் ஒன்றுகூடச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன் என்பதைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

உனக்குப் பெண் பார்க்கச் சொல்லி அப்பா நச்சரிக்கிறார். தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. சேந்தமங்கலத்தில் ஓர் இடம் சொல்லியிருக்கிறார்கள், டிகிரி முடித்த பெண். நான் போகவில்லை. அந்த வீட்டில் போய் உட்கார்ந்தால் முதலில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆக்சிஜன் மிஷினைப் பற்றித்தான் என் வாயில் வரும். அதைச் சொல்லாமல் பெண் கேட்க என்னால் முடியாது. சொன்ன பிறகு அவர்கள் கொடுக்கவும் மாட்டார்கள். கொடுக்கிறோம் என்றால் அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருக்கும். அவளும் ஒருநாள் கடையில் நின்று துண்டை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாள். அப்பாவிடம் "ஜாதகம் சேரலையாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம்பிக்கொண்டிருக்கிறார், அல்லது நம்புவதாகக் காட்டிக்கொள்கிறார்.

அவருக்கு இப்போது பாத்ரூம் வரை நடக்க இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. மிஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே உன் அழைப்புக்காகத்தான் மத்தியானம் முழுவதும் காத்திருக்கிறார். நீ கூப்பிட்டதும் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். எந்த ஊர், எத்தனை அடி, கல் என்ன நிறம், தண்ணி வந்துச்சா என்று கேட்பார். நீயும் தண்ணீர் வந்ததை மட்டும்தான் சொல்கிறாய். வராத ஊரைப் பற்றி நீ பேசி இதுவரை நான் கேட்டதில்லை. அவரிடமிருந்து அதையும் கற்றுக்கொண்டுவிட்டாய்.

இன்னொன்றையும் இரண்டு வாரமாகக் கவனிக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே உன் பக்கம் சத்தம் அப்படியே நின்றுபோகிறது. கம்ப்ரசர் சத்தமும் இல்லை, ஆட்கள் பேச்சும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எல்லாம் கேட்கிறது. "டவர் இல்லீங்கம்மா" என்கிறாய். குரல் கம்மியிருக்கிறது. டவர் இல்லையென்றால் அழைப்பே அறுந்துபோகும் கண்ணு. நீ மியூட் போடுகிறாய். எதற்குப் போடுகிறாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அவர் "டவரு அங்க எப்பவுமே அப்படித்தான்" என்று என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார். வண்டிக்குப் போன எட்டு மாதத்தில் ஒன்றும் ஆகாது, வெறும் தூசி இருமலாக இருக்கும் என்றுதான் டாக்டரும் சொல்கிறார். இருக்கலாம். இனிமேல் மியூட் போடாதே. அப்பாவோடு பேசி முடித்ததும் "அம்மாகிட்டக் குடுங்க" என்று சொல். நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு, அவருக்குக் கேட்காதபடி ரோட்டு ஓரம் வந்துவிடுகிறேன். அங்கே என்னிடம் இருமு.

அம்மா